மேஜருக்குச் சீட்டு குலுக்கிய ஊர்

பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு முடியப்போகிற நேரத்தில் எங்கள் கல்லூரிக்குத் திடீரென்று எங்கள் விருப்பத்தின் மேல் அக்கறை வந்துவிட்டது. அதுவரை எந்த பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதைக்கூட எங்களைக் கேட்காதவர்கள், மூன்றாம் ஆண்டில் எதை மேஜராக எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ், ஹெச்.ஆர். மூன்றில் ஒன்று; கூடவே அதற்கேற்ற எலெக்டிவ்கள். எங்களுக்கு வழிகாட்ட டை கட்டிய ஒருவரை அழைத்து வந்தார்கள். கனவைத் துரத்துங்கள் என்று நெடுநேரம் பேசிவிட்டு அவர் சென்னை ரயிலைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

வகுப்பில் ஆளுக்கொரு கனவு இருக்கத்தான் செய்தது. பைக் வைத்திருந்தவர்கள் எல்லாம் மார்க்கெட்டிங். மாமா பேங்கில் இருந்தால் ஃபைனான்ஸ். பெண்களுக்குத் துறைத்தலைவரே கனவு கண்டு வைத்திருந்தார். "பொண்ணுங்களுக்கு ஹெச்.ஆர். தான்மா சேஃப். ஏசி ரூம்ல உக்காந்த எடத்துல வேலை. வெயில்ல அலைய வேணாம்" என்றார். என் அம்மா மீஞ்சூர் மார்க்கெட்டில் வெயிலில் உட்கார்ந்து இறால் விற்றுத்தான் எனக்கு ஃபீஸ் கட்டினாள் என்பதை அவரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

எனக்கு மார்க்கெட்டிங்தான் வேண்டும். பள்ளி விடுமுறைகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நண்டு பொறுக்கிப் போட்டிருக்கிறேன். சும்மா விலை கேட்டுப் போக வந்தவரை, அவர் வீட்டு மருமகளைப் பற்றி விசாரித்தே ஒரு கிலோ வாங்கவைத்து அனுப்புவாள். அந்த வித்தைக்குப் புத்தகத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. மூன்று வருடப் படிப்பில் எனக்கு உண்மையாகவே இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே. தோணிரேவுக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய குப்பம் எங்களுடையது. ஏரியில் இறால் அதிகம் விழும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் எங்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சீட்டு குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். அடுத்தவன் முறையில் வலை போட்டால் ஊர்க்கூட்டம் கூடும், தப்பு செய்தவனின் முறையை வெட்டும். நல்ல ஏற்பாடுதான், ஏரியில் இருக்கிற வரைக்கும்.

அதைக் கரையேற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். எங்களுக்கு முன்னால் ஊரிலிருந்து படித்த இரண்டு பையன்கள் ஒரே கம்பெனிக்கு, ஒரே வேலைக்குப் போய் நின்று, ஒருவனுக்குக் கிடைத்து மற்றவனுக்குக் கிடைக்காமல் போக, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. இந்த முறை எங்கள் ஊரிலிருந்து அதே வகுப்பில் மூன்று பேர்: ஊர்த்தலைவரின் மகன், என் பெரியப்பா மகன், நான். மூன்று மேஜர் இருக்கிறது, பிள்ளைகளும் மூன்று, பிறகென்ன என்று கோயில் எதிரில் சீட்டு குலுக்கப் பாய் விரித்துவிட்டார்கள். நாட்டில் ஊருக்கு ஊர் அதே மூன்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் ஏரியில் வராத விஷயம்.

இரண்டு சீட்டுதான் எடுத்தார்கள். கணக்குப் பாடத்தில் அரியர் வைத்திருந்த தலைவர் மகனுக்கு ஃபைனான்ஸ் விழுந்தது. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவே கூச்சப்படுகிற என் பெரியப்பா மகனுக்கு மார்க்கெட்டிங். எனக்கு ஏன் சீட்டு எடுக்கவில்லை என்று என் நைனா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பொம்பளப் புள்ளைக்கு ஏதுப்பா பாடு? மிச்சம் இருக்கறத எடுத்துக்கட்டும்" என்றார் தலைவர்.

மிச்சம் ஹெச்.ஆர். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊர்த்தலைவரும் துறைத்தலைவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒத்துப்போனார்கள்.

மறுநாள் பஸ்ஸில் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், பக்கத்தில் வந்து நின்று, "எனக்கு மார்க்கெட்டிங் வேணாம்மே. நீயே எடுத்துக்கோ, நான் ஊர்ல சொல்ல மாட்டேன்" என்றான். கல்லூரியில் விருப்பம் கேட்டபோது நான் மார்க்கெட்டிங் என்றே எழுதிக் கொடுத்தேன். அண்ணன் சொல்லவில்லை. தலைவர் மகன் சொன்னான். ஃபைனான்ஸில் எப்படியோ, தகவல் தொடர்பில் அவனுக்கு நல்ல எதிர்காலம் இருந்தது.

ஊர்க்கூட்டம் கூடியது. அடுத்தவன் முறையில் நான் கை வைத்துவிட்டேனாம். மேஜரை மாற்று, இல்லையென்றால் வரப்போகிற இறால் சீசனில் நைனாவின் முறை வெட்டப்படும் என்றார்கள். எங்களுக்கு வருஷத்தில் நல்ல வருமானம் வருவதே அந்தச் சீசனில்தான். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் கூட்டத்துக்குள் போகக் கூடாது, தள்ளித்தான் நிற்க வேண்டும். மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லத் தயாராகிவிட்டேன். நைனாவை அப்படி நிற்கவைத்துவிட்டுப் படித்து என்ன கிழிக்கப்போகிறேன்?

அதற்குள் அம்மா பேசிவிட்டாள். மார்க்கெட்டில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். கூட்டத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லாத குரல்.

"இன்னா மாமா, அன்னிக்கு பொம்பளப் புள்ளைக்குப் பாடு இல்லன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"எங்க ஊட்டுப் பொண்ணுதான் உங்க கணக்குலயே இல்லையே. அப்புறம் எப்டி மாமா அவ முறைய மீறுனான்னு சொல்றீங்கோ? ஏரிக்கு வர்ற கொக்குக்குக்கூட ஊர்க்கூட்டம் போடுவீங்களா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு கூட்டத்தை நடத்துவது கஷ்டம். தலைவர் தொண்டையைக் கனைத்து, அந்தப் பெண் எதை வேண்டுமானாலும் படிக்கட்டும், அது ஊர்க்கணக்கில் வராது என்று தீர்ப்புச் சொன்னார். நைனாவின் முறை தப்பித்தது, என் மார்க்கெட்டிங்கும் தப்பித்தது. மகளுக்குப் பாடு இல்லை என்பதையே பிடித்து மகளுக்கு மார்க்கெட்டிங் வாங்கிக் கொடுத்த அம்மாவை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "சீ, மீன் கவுச்சி" என்று தள்ளிவிட்டாள்.

மூன்றாம் ஆண்டு தொடங்கிய அன்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆசிரியர் இல்லாத காரணத்தால் இந்த ஆண்டு அனைவருக்கும் ஹெச்.ஆர். மட்டுமே நடத்தப்படும். எலெக்டிவ்களும் கல்லூரியே முடிவு செய்யும். நாங்கள் எழுதிக் கொடுத்தவற்றை என்ன செய்தார்கள் என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிமா" என்றார். எங்கள் ஊரில் சீட்டையாவது குலுக்கினார்கள்.

ஹெச்.ஆர். நடத்த வந்தவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு இளம் மேடம். முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து, இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்லச் சொன்னார். பைக் வைத்திருந்தவர்கள், மாமா பேங்கில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து, மனிதர்களோடு பழகுவது சிறு வயதிலிருந்தே பிடிக்கும் என்றார்கள். என்னைப் போட்டுக் கொடுத்த தலைவர் மகனும் "ஐ லவ் பீப்பிள் மேடம்" என்றான். அண்ணன் எழுந்து, பெயரை மட்டும் சொல்லிவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்தான்.

என் முறை வந்தது. எனக்கு வந்த கோபத்துக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் எடுக்கல மேடம். இதுதான் இருந்துச்சு."

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. வராந்தாவில் துறைத்தலைவர் நிற்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பெஞ்சு வரைக்கும் நடந்து வந்தார்.

"நானும்தாம்மா. நான் படிச்சது ஃபைனான்ஸ். ஹெச்.ஆர். எடுக்கறதா இருந்தா வேலை இருக்குன்னாங்க" என்றார் மெதுவாக. "உக்காரு. சேந்தே படிச்சிக்கலாம்."

ஊர்க்கூட்டத்தின் முன்னால் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. புத்தகத்தைத் திறந்து, முகம் தெரியாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.