எங்கள் பி.பி. நம்பர்

திருவொற்றியூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையனின் செல்போன் பழைய மோடம் போலக் கீச்சிட்டது. வேடிக்கைக்காக வைத்த ரிங்டோனாம். எனக்குச் செல்லம்மாக்காவின் நினைவு வந்தது.

அப்போது ராயபுரத்தில் எங்கள் சந்துக்கே ஒரே போன் எங்களுடையது. எதிர்வீட்டு மீன்காரி செல்லம்மாக்கா, துபாயிலிருந்த மகனுக்கு எங்கள் நம்பரைத்தான் பி.பி.யாக, அதாவது கூப்பிட்டுவிடச் சொல்லும் அக்கம்பக்கத்து நம்பராக, கொடுத்திருந்தாள். ஞாயிறு மாலை அவன் கூப்பிடுவான். அவள் குளித்து, பூ வைத்து, போன் அருகே தரையில் காத்திருப்பாள்.

ஒரு ஞாயிறு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து சீட்டாட்ட கேம் ஒன்றை மோடம் வைத்து, போன் லைன் வழியாக வீட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். அது முடியும்வரை வெளியிலிருந்து யாருக்கும் லைன் கிடைக்காது. நடுவில் ரிசீவரை எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விதியெல்லாம் எனக்கு அத்துப்படி; அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

இருட்டும்வரை பார்த்தவள், போன் செத்துவிட்டதோ என்று ரிசீவரை எடுத்தாள். காதில் கீச்சொலி. ஃபைல் அறுந்தது.

"போச்சு!" என்று கத்தினேன்.

"ஐயோ, மிஷினு கெட்டுப்பூட்ச்சா நைனா? நான் இன்னாத்துக்கு அத்தத் தொட்டேன்!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவனும் மறந்துட்டான் போலகீது."

அவன் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருப்பான். அதைச் சொல்லாமல், ஃபைலை மறுபடி இறக்கப் போட்டேன்.

மறுநாள் மிஷினைக் கெடுத்ததற்காக வஞ்சிரம் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டோம். ருசியாகத்தான் இருந்தது. அடுத்த முறை மகன் கூப்பிட்டபோது எஸ்.டி.டி. பூத் நம்பரைக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு ஞாயிறுதோறும், பூ வைத்துக்கொண்டு, பூத் வாசலில் நின்றாள்.

பையனின் போன் இன்னும் கீச்சிட்டது.

"இன்னா பெருசு, டோன் எப்டிகீது?"

"எடுத்துப் பேசுப்பா" என்றேன்.