சி வகுப்புச் சங்கு

என் தம்பி லம்ஜத், துனீசியாவில் எங்கள் எல் கெஃப் ஊரின் ரவை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். எங்கள் வீட்டில் தொழில்நுட்பக் கல்லூரிவரை போனவன் அவன் ஒருவன்தான். வேலை முடிந்து வரும்போது புருவத்தில்கூட மாவு இருக்கும். காலணியைக் கழற்றாமலே வாசல் நாற்காலியில் தூங்கிவிடுவான்.

அந்த ஆண்டு ரமலானுக்கு முன்பு ஆலையை ஒரே ஒரு நாள் நிறுத்த மேலாளர் சம்மதித்தார். ஒரு நாளில் எல்லா இயந்திரங்களையும் பிரித்துப் பார்க்க முடியாது. எதை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்யும் வேலை லம்ஜதின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு இயந்திரத்தின் முன்பும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டான்: இது நின்றால் என்ன ஆகும்? அரவை நின்றுவிடும், அல்லது யாருக்காவது அடிபடும் என்றால் ஏ. சமாளிக்க மாற்று இருந்தால் பி. ஒன்றும் ஆகாது என்றால் சி. அதைக் கெட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு உதிரிப் பாகமும் வாங்கி வைப்பதில்லை.

ஆலையின் ஒவ்வொரு மாடிக்காரரும் தன் இயந்திரம்தான் ஏ என்று சண்டைக்கு நின்றார்.

“எல்லாத்துக்கும் ஏ போட்டா அப்புறம் ஏ எதுக்குக்கா?” என்று என்னிடம் அலுத்துக்கொள்வான்.

சல்லடை மாடியின் மேற்பார்வையாளர் மோங்கி எங்களுக்குத் தூரத்து உறவு. வீட்டுக்கே வந்துவிட்டார். “ஏம்ப்பா, என் சல்லடைக்கு பி போட்டியாமே? உன் கல்யாணத்துக்குக் கூப்பிடு, வந்து பி வகுப்புச் சிரிப்புதான் சிரிப்பேன்.”

லம்ஜத் அசையவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

ஆலைச் சங்குக்குக் காற்று கொடுக்கும் சின்னக் கம்ப்ரஸர் மட்டும் யாருடைய மாடியிலும் இல்லை. அதற்காகச் சண்டை போடவும் ஆளில்லை. சங்கு நின்றால் அரவை நிற்காது. சி போட்டான்.

ரமலானின் முதல் நாள் மாலை. பராமரிப்புப் பட்டறை ஆலைக் கட்டடத்துக்கு வெளியே இருப்பதால் லம்ஜதுக்குப் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட பிறகுதான் சங்கு ஊதவில்லை என்று உறைத்தது. உருளைகளின் இரைச்சலில் உள்ளே பாங்கு கேட்காது. மாவுத் தூசு தீப்பிடிக்கும் என்பதால் கைபேசிக்கும் அனுமதியில்லை. சங்கு ஊதினால்தான் அங்கே நோன்பு திறப்பது வழக்கம். மாடிப்படியில் ஓடினான்.

மோங்கி உள்ளங்கையில் பழத்தோடு நின்றிருந்தார். “என்னப்பா, இன்னைக்குச் சூரியனுக்கு ஓவர்டைமா?”

“பாங்கு சொல்லியாச்சு மாமா. சங்கு போச்சு.”

அவர் பழத்தை மென்றுகொண்டே கேட்டார்: “உன் கணக்குல எங்க வயித்துக்கு எந்த எழுத்துப்பா?”

கம்ப்ரஸரின் வால்வு உடைந்திருந்தது. துனீசிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் முழுக்க, பாங்கு கேட்டதும் லம்ஜத் மாடி மாடியாக ஏறி ஒவ்வொருவரின் தோளையும் தொட்டுச் சொன்னான். எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகே தன் பழத்தைத் தின்றான். வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடாக்கக்கூட விடாமல் அப்படியே குடிப்பான்.

“வேற யாரையாவது ஏறச் சொல்லேன்டா.”

“சி போட்டது நான்தானேக்கா.”

வால்வு வந்ததும் தானே மாட்டினான். பிறகு மேலாளரிடம் போய்ச் சங்கை ஏ-க்கு மாற்றக் கேட்டிருக்கிறான்.

“அது நின்னா அரவை நிக்குமா?”

“நிக்காது சார்.”

“அப்புறம் என்ன?”

“ஒரு நாள் சாயங்காலம் என்கூட மாடி ஏறிப் பாருங்க சார்.”

மேலாளர் ஏறவில்லை, பி போட்டுக் கொடுத்தார். மேலும் வாதாட இவனுக்குத் தெம்பில்லை. பி என்றால் ஒரு வால்வாவது கையிருப்பில் இருக்கும், போதும் என்று வந்துவிட்டான்.

மறுநாள் அவனுக்கு விடுமுறை. சாயங்காலம் சங்கு ஊதியது. எங்கள் சமையலறைவரை கேட்டது. வாசல் நாற்காலியில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான், சத்தத்துக்குக்கூட அசையவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டுப் பழத்தைக் கையில் வைத்தேன்.

“எந்த மாடி?” என்றான், கண்ணைத் திறக்காமலே.