சாய்ந்த தொட்டியும் நீளத்துடுப்பு ஜோடியும்

மீனின் வாலை நறுக்கிவிட்டு, அது திரும்ப வளர்வதை உட்கார்ந்து பார்ப்பதுதான் என் தொழில். பார்க்கும் வேலையை மாமியாருக்கு விளக்கத் தெரியாமல் விழிக்கும் அன்பர்களே, உங்களில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனிகளுக்கு நடுவே எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஜீப்ரா மீன் சுண்டுவிரல் நீளம்கூட வராது. மயக்க மருந்து கொடுத்து வால் துடுப்பின் நுனியை வெட்டினால், இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு வளர்ந்து நின்றுவிடும். தோலும் துடுப்பும் எப்படி உருவாகின்றன, வளர்ச்சி எங்கே நிற்கிறது என்று தினமும் படம் எடுத்துப் பார்ப்போம். எங்களிடம் ஒரு விசேஷக் குடும்பமும் உண்டு. அதன் துடுப்புக்கு நிற்கவே தெரியாது, நீண்டுகொண்டே போகும். அதற்கு 'நீளத்துடுப்பு' என்று பெயர் வைத்திருந்தோம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள்.

டார்கெட்

குன்றத்தூரில் நான் ஏறும் பஸ்ஸில்தான் முத்துக்குமாரும் வருவார். கோவில்பட்டிக்காரர், கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை. "நீங்க என்னக்கா செய்யுதீய?" என்று ஒருநாள் கேட்டார். வால், துடுப்பு, தோல் என்று ஒரகடம் வரும்வரை பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார், புண்ணியவான். இறங்கும்போது ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்:

"ஒரு ஷிப்டுக்கு எத்தன வாலுக்கா டார்கெட்டு?"

தண்ணீர் லாரி

எங்கள் போர் பம்ப் ரிப்பேரான வாரம் லாரித் தண்ணீர் வாங்கினோம். அதில் பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தாராளமாக விழுந்திருந்தது. அதை வடிகட்டும் கார்பன் ஃபில்டரை மாற்ற வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டது நான்தான். மறுநாள் நீளத்துடுப்புக் குடும்பத்தில் மிஞ்சியது ஒரு ஆண், ஒரு பெண். வேறு எங்கும் கிடைக்காத குடும்பம். ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் திட்டவில்லை. "மாசக் கடைசிக்குள்ள இதுங்க முட்டை போடலைன்னா இந்த ஆராய்ச்சியை மூடிடலாம்" என்றார். ஆராய்ச்சியை மூடினால் என் வேலையும் போச்சு. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

லாரி டிரைவர் ஏழுமலை விஷயம் தெரிந்து ஓடி வந்தார். தப்பு என்னுடையது என்று நான் சொன்னாலும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிற மனுஷர்.

"தண்ணி சுத்தமா இருக்கட்டும்னுதாம்மா ஒரு பிடி சேத்துப் போட்டேன். இனிமே உன்னாண்ட சொல்லாம பைப்பத் தொறக்க மாட்டேன்."

மாப்பிள்ளை முறுக்கு

சாயங்காலம் ஜோடியைச் சின்னத் தொட்டியில் விட்டு நடுவில் தடுப்பு வைப்போம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டை போட வேண்டும். போட்ட முட்டையைத் தாங்களே தின்றுவிடும் உத்தமப் பெற்றோர் என்பதால் அடியில் சல்லடையும் உண்டு. தீனியை மாற்றினேன், தண்ணீர்ச் சூட்டை மாற்றினேன், வல்லக்கோட்டை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மாதக் கடைசிக்கு மூன்று நாள்தான் இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஜான்சன் தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"மண்டபம் ரெடி, மேளம் ரெடி, மாப்பிள்ளைதான் மொறச்சுக்கினு நிக்கிறாரு."

செல்வியின் துணி

மறுநாள் காலை நம்பிக்கையே இல்லாமல் தடுப்பை உருவிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன், தொட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது! ஒரு முனையில் தண்ணீர் விரல்கடை ஆழம்தான். மேஜை துடைக்கும் செல்வி, முந்தின நாள் சாயங்காலமே துணியை மடித்து அடியில் செருகிவிட்டு மறந்து போயிருக்கிறாள். "செல்வீ!" என்று கத்தினேன். கத்தின வாய் மூடவில்லை. அந்த ஆழமில்லாத முனையில், சல்லடைக்குக் கீழே, கண்ணாடி மணியாக முட்டைகள்.

செல்வி பயந்துகொண்டு ஓடி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமே படவில்லை. அவளுக்கு ஆச்சரியம் முட்டையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துத்தான்.

"ஏரில கரையோரமாத்தான மீனு முட்ட வுடும்? நீ கெணறு மாரி ஆழத்துல வுட்டுட்டு, போடு போடுன்னா அது இன்னாக்கா பண்ணும்?"

அந்த முட்டைகளில் வந்த என் பேரன் பேத்திகள் இப்போது நான்கு தொட்டிகளில் துடுப்பை இழுத்துக்கொண்டு திரிகின்றன. எங்கள் வேலைமுறைத் தாளில் மேடமே ஒரு வரி சேர்த்தார்: 'தொட்டியின் ஒரு முனைக்குக் கீழே செல்வி துணி ஒன்று வைக்கவும்.' பால்குடமும் எடுத்துவிட்டேன். கூட நடந்து வந்தவள் செல்வி.

வெட்டின வால் மீனுக்குத் தானாக வளர்ந்துவிடுகிறது. வெட்டுப்பட இருந்த என் வேலை தழைக்க மட்டும் மேஜை துடைக்கும் துணி ஒன்று வேண்டியிருந்தது.