ஜெஸ்லின் பாடத்துல கடைசி வரி

எங்கக்கா மக ஜெஸ்லின் எதையும் ஏனோதானோன்னு செய்யமாட்டா. பூசைக்குக் கெளம்பச் சொன்னாக்கூட, கொடை எடுத்தாச்சா, டார்ச் எடுத்தாச்சான்னு கேட்டே நம்ம உசுரை வாங்கிருவா. ஏற்காட்டு மலையில வாழவந்தி எங்கூரு, எங்கூட்டுலருந்து சேலத்துக் காலேஜுக்குப் பஸ்ஸுல போயி வந்து படிச்சா. என்ன படிப்புன்னா, பாடம் எப்படிப் போடறதுங்கற படிப்பாம். அதுக்குமா ஒரு படிப்புன்னு நான் வாயைத் தொறந்தா மொறைப்பா.

கடைசி வருசம் ஒரு புராஜெக்ட். நெசமான ஆளுங்களுக்கு ஒரு பாடம் போட்டு நடத்திக் காட்டணுமாம். அந்த நேரம் பாத்து ஏற்காட்டுல ஒரு ஸ்கூல் ஹாஸ்டல்ல சமையக்கட்டுக்குப் பொம்பளை ஆளுங்களைத் தேடுனாங்க. இவளே போயிப் பேசுனா. சமையக்கட்டுச் சுத்தத்தைப் பத்திப் போன்ல பாடம் போட்டுத் தரேனுங்க, அதைப் படிச்சு முடிச்சுப் பேர் குடுக்கறவங்களைப் பாருங்கன்னா. அவங்களும் சரின்னாங்க. திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது, சனிக்கிழமை சாயங்காலமே நேர்ல பாத்து எடுத்துக்குவோம்னுட்டாங்க.

தங்கம்மாவை இதுல சேத்துவிட்டதே ஜெஸ்லின்தான். தங்கம்மா காப்பி எஸ்டேட்டுல வேலை செய்யுது. புருசன் சித்தன் மொளகு பறிக்க ஏறி, மரத்துலருந்து விழுந்து, இடுப்பு போயி ஊட்டோட கெடக்கறாரு. பழம் பறிக்கற மாசம் தாண்டிட்டா எஸ்டேட்டுல ஆள் கணக்கு எழுதற ரைட்டர் கூப்பிட்டாத்தான் வேலை. ஹாஸ்டல்னா வருசம் பூரா இருக்கும். "அது மட்டும் கெடைச்சுட்டா அந்த ரைட்டர் மொகத்தைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம் கண்ணு"ன்னு தங்கம்மா சொல்லுச்சு. அதுலருந்து இவளுக்குச் சோறு எறங்கலை.

என்னா பாடு பட்டா தெரியுங்களா! படிக்கத் தெரியாதவங்க இருப்பாங்கன்னு, எழுத்தே இல்லாம எல்லாத்தையும் அவ குரல்லயே பேசிப் பதிஞ்சா. சிக்னல் எங்க கெடைக்கும்னு எஸ்டேட்டு ஆளுங்க குடியிருக்கற லைன் ஊடு லைன் ஊடா நடந்தா. சரியா வருதான்னு காலேஜ் சிநேகிதிங்ககிட்டக் குடுத்துப் பாத்தா. எல்லாம் சேலத்துப் புள்ளைங்க. படபடன்னு முடிச்சுட்டுச் சூப்பர்னுதுங்க. காலேஜ் மேடமும் சூப்பர்னாங்க. தங்கம்மாகிட்டக் குடுத்துப் பாத்தியாடின்னு ஒருத்தரும் கேக்கலை, படிச்ச மேதாவிங்க.

தங்கம்மா அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கு. எங்கூட்டு வாசல்ல நின்னு எனக்கே ஒப்பிச்சுச்சு, கறி வெட்டற பலகையில காய் வெட்டக்கூடாதுங்கன்னு. கேள்விக்கெல்லாம் சரியாத்தான் அமுக்கியிருக்கு. பாடம் முடியறப்ப ஜெஸ்லின் குரல் சொல்லும்: "நொம்ப நல்லாப் படிச்சீங்க. இப்பக் கீழ போயி உங்க பேரைக் குடுங்க."

சனிக்கிழமை காலையில தங்கம்மா நல்ல சீலையைக் கட்டிக்கிட்டுச் சேலம் பஸ் ஏறிருச்சு.

சிரிக்காதீங்க. இந்த மலையில கீழ போறதுன்னா சேலத்துக்குப் போறது. "சித்தி, கீழ போயிட்டு வரேன்"னுதான் ஜெஸ்லினே தெனமும் காலேஜுக்குக் கெளம்புவா. போன்ல வெரலை வச்சுத் தள்ளுனா அடியில ஒரு பச்சைக் கட்டம் வருமாம், அதைத்தான் இவ கீழன்னாளாம். மத்தவங்க ஊட்டுல புள்ளைங்க தள்ளி அமுக்கிவிட்டுருச்சுங்க. தங்கம்மா ஊட்டுல சித்தன்தானே இருக்கறாரு.

மத்தியானம் வரைக்கும் பேர் வரலையேன்னு ஜெஸ்லின் கூப்பிட்டா. போனைச் சித்தனுக்கு வச்சுட்டுப் போயிருந்திருக்கு. அவரு எடுத்து, "பேர் குடுக்கத்தான் சாமி, அவ கீழ போயிருக்கா"ன்னாரு. அப்பத்தான் இவளுக்கு உறைச்சுது. ஓடிப்போயி சித்தன் கையில இருந்த போன்ல பேரைப் போட்டுவிட்டா. பேர் போட்டு என்ன பண்றது, ஆள் வேணுமே. சேலத்துல எங்கன்னு தேடறது?

ஹாஸ்டல் வார்டனம்மா நல்லவங்கதான். தங்கம்மாவுக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தாங்க. சனிக்கிழமைன்னா மலை ரோட்டுல டூரிஸ்ட் காருங்க வரிசை கட்டி நிக்கும், பஸ் நகராது. நானும் ஜெஸ்லினும் ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு வர்ற பஸ்ஸையெல்லாம் பாத்தோம். கடைசியில வார்டனம்மா வந்தவங்கள்ல எடுத்துக்கிட்டாங்க. தங்கம்மா எறங்கறப்ப எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு.

பேர் குடுக்கற எடம் ஜெஸ்லின் படிக்கற காலேஜாத்தான் இருக்கும்னு அங்க போயிருக்கு. லீவு. வாச்மேன் தெரியாதுன்னுட்டாரு. யாராச்சும் வருவாங்கன்னு பகல் பூரா கேட் பக்கத்துலயே நின்னுருக்கு. இவ அதோட கையைப் புடிச்சுக்கிட்டு, என் தப்புதானுங்கக்கா, நான் போன்லயே கீழன்னு சொன்னேனுங்கன்னு அழுதா. தங்கம்மா அந்தப் பச்சைக் கட்டத்தைப் பாத்துச்சு. பாத்துட்டு, நீ நல்லாத்தான் சொன்ன சாமி, எனக்குத்தான் எடம் தெரியலைன்னு இவளைத் தேத்துச்சு.

புராஜெக்டுக்கு நல்ல மார்க்கு. 'கத்துக்கிட்ட பாடங்கள்'னு ஒரு பக்கம் எழுதணுமாம். படிக்கப்போறவங்ககிட்டயே மொதல்ல குடுத்துப் பாக்கணும்னு எழுதியிருந்தா. மேடம் அந்த வரிக்குத்தான் பாராட்டுனாங்களாம்.

பாஸ் ஆனதைக் கேள்விப்பட்டுத் தங்கம்மா வந்துச்சு. நொம்ப சந்தோசம் கண்ணுன்னு இவ கன்னத்தைத் தொட்டுச்சு. எஸ்டேட்டுல இப்ப வேலை இல்லையாம். கெளம்பறப்ப ஜெஸ்லின்கிட்ட மெதுவாச் சொல்லுச்சு.

"அடுத்த வாட்டி பாடம் போட்டா என்னையும் சேத்துக்க சாமி. கீழ எந்த எடம்னு மட்டும் முன்னாடியே சொல்லிரு."

கீழன்னா போன்லதானுங்கன்னு இன்னொரு தடவை இவ விளக்கப் போகலை. சரிங்கக்கான்னா.