பதில் சொன்ன அந்த ஆள்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வீட்டில் ஒரு பழைய கணினி இருக்கிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால் தோட்டத்து ஆட்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்த வேலை எனக்குச் சுலபமாகிவிட்டது. கடிதத்தைப் படம் பிடித்து ஏற்றினால் போதும், நொடியில் தமிழில் விளக்கிவிடும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். மழையில் நனையாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த, ஆங்கிலத்தில் எழுதிய ஆஸ்பத்திரி ரிப்போட்டை நீட்டினார். மார்பில் கட்டி. சதை எடுத்துப் பரிசோதித்திருந்தார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதில் பாதிதான் அவருக்கு விளங்கியிருந்தது. அவருடைய லயத்திலேயே ஆங்கிலம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை அறைகள்தான் லயம்; ஒரு காம்பிராவில் இருமினால் அடுத்த காம்பிராவில் கேட்கும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதனால்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தார்.

நான் வழக்கம்போல ரிப்போட்டை முழுசாகப் படம் பிடித்து ஏற்றினேன். பெயர், அடையாள அட்டை எண், விலாசம் எல்லாம் அதில் இருந்தன. பதில் வந்தது. அது புற்றுநோய்க் கட்டி இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"எதுக்கும் கிளினிக்ல ஒருக்கா கேட்டுக்கங்க" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், அந்த ஆளு யாருகிட்டயும் சொல்ல மாட்டாருதானே?"

"எந்த ஆளுங்க?"

"இப்ப பதில் சொன்னாரே, அவருதான்."

"அது ஆளு இல்லைங்க, மெசினுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை உட்காரவிடவில்லை. கணினியைத் திறந்து பார்த்தேன். பழைய உரையாடல்கள் வரிசையாக இருந்தன. ஒருவருடைய பொலிஸ் முறைப்பாடு, இன்னொருவருடைய விவாகரத்துக் கடிதம், இந்தப் பெண்ணின் ரிப்போட். எல்லாம் பெயரோடு. அமைப்புகளுக்குள் போய்த் தேடியபோது, நம் உரையாடல்களை வைத்து அந்தக் கருவியைப் பழக்க அனுமதிக்கும் ஒரு பொத்தானும் தென்பட்டது. அது நான் தொடாமலேயே போட்டபடி இருந்தது. ஆட்கள் என்னை நம்பித் தந்த கடிதங்களை எங்கே அனுப்புகிறேன் என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

பொத்தானை அணைத்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு கொழும்பில் கணினி வேலை செய்யும் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, மொதல்ல பேரு, நம்பர் ஒண்ணும் போடாம கேட்டுப் பழகுங்க" என்றாள். "இன்டர்நெட் இல்லாம நம்ம கம்பியூட்டருக்குள்ளேயே ஓடுற சின்ன ஏ.ஐ.யும் இருக்கு. ஒருக்கா எறக்கி வச்சிட்டா கேக்குறது எதுவும் வெளிய போகாது."

அதை இறக்க இரண்டு நாள் பிடித்தது. மழை வந்தால் இங்கே சிக்னல் நிற்காது. இறக்கிய பிறகும் அது ஆமை மாதிரித்தான் ஓடியது. அதன் தமிழைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் வைத்தியச் சொற்களை எளிய ஆங்கிலத்தில் விளக்கியது. அதை நானே தமிழாக்கிக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பிரிவுக்கு இறங்கிப் போனேன். அந்தப் பெண் பீலியில் விழும் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சிட்டேங்க. ஆனா முழுசா போயிருச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்து கல்லில் வைத்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"எந் தங்கச்சிக்கும் ஒரு ரிப்போட் இருக்கு" என்றார். "கூட்டிட்டு வாறேன். அவ பேர மட்டும் போட்றாதீங்க."

சொன்னபடி இருவரும் வந்தார்கள். கணினியிலிருந்து இன்டர்நெட் டொங்கலைக் கழற்றித் தங்கையின் கையில் கொடுத்தேன். "இது உங்க கையில இருக்குற வரைக்கும் இங்கருந்து எதுவும் வெளிய போகாது" என்றேன். அவர் அதை மூடிய கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெயரையும் எண்ணையும் விட்டுவிட்டு மற்றதை மட்டும் தட்டினேன். பதில் வரி வரியாக, மெல்ல வந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை. மூவரும் திரையைப் பார்த்தபடி குடித்தோம். பயப்படும்படி ஒன்றுமில்லை, இரத்தம் குறைவு, அவ்வளவுதான். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அதன் பிறகு மேல்பிரிவிலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். யார் சொல்லி அனுப்புகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. போன கிழமை வந்த ஒருவர் தன் பெயர் இருந்த மேல் ஓரத்தைத் தானே மடித்து, குண்டூசி குத்திக் கொண்டுவந்தார்.

"இதுக்குக் கீழ உள்ளத மட்டும் பாருங்க, டீச்சர்" என்றார்.

அதை மட்டும்தான் பார்த்தேன்.