ரெண்டு பூனை கீரை

பங்காருபேட்டையில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவேன் என்று கடையில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பெருமையை உடைத்தது நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளின் நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்தைக் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அது எந்தப் பாடம் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் அவள் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். அதனால்தான் அதுவரை எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்று அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைத் திருப்பினேன். அவள் பாட்டுக்குப் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டு போனாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் படித்ததைக் கேட்டே முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்!

பள்ளி டீச்சரைப் பார்க்கப் போனேன். "வாயால கேட்டா எல்லாம் சொல்றா. எழுதுன்னு சொன்னா மட்டும் தண்ணி குடிக்கப் போயிடறா" என்றார். கோலாரில் கண்ணையும் காதையும் சோதித்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தன. எழுத்தைப் பிரித்தறிவதில்தான் சிக்கல், பயிற்சி கொடுத்தால் சரிவரும் என்றார் டாக்டர். பெங்களூரில் ஒரு மையத்தில் விசாரித்தோம். ஒரு மாதக் கட்டணத்தைக் கேட்டதும் என் கணவர், "இன்னாமே, இதுல நாமளே ஒரு ஸ்கூல் கட்டிடலாமே" என்றார்.

அப்போதுதான் எங்கள் ஊரில் மைசூர் மைன்ஸ் என்கிற பழைய தங்கச் சுரங்கத்தின் பக்கம் ஒரு ஹாலில், சனிக்கிழமை தோறும் கோலாரிலிருந்து ஒரு மேடம் வந்து பயிற்சி கொடுப்பது தெரிந்தது. முடிந்ததைக் கொடுத்தால் போதும். சின்ன வயதுப் பெண். முதல் நாளே என் மகளிடம், "உனக்கு எந்த எழுத்து மேல ரொம்பக் கோவம்?" என்று கேட்டார். இவள் ஒரு பட்டியலே வாசித்தாள்.

வீட்டில் பேசும் தமிழில் ஆரம்பிப்போம், கன்னடமும் இங்கிலீஷும் பின்னால் வரட்டும் என்றார் மேடம். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டில் 'ற' எழுதினோம். அந்த ரவையைச் சலித்து உப்புமா கிண்டிய அன்று, "யம்மா, இந்த உப்புமா கொரகொரன்னு 'ற' மாதிரியே கீது" என்றாள் மகள்.

பிறகு மேடம் என் போனில் ஒரு ஏஐ செயலியைப் போட்டுக் கொடுத்தார். நாம் பேசினால் அது எழுதும். எழுதியதை வாசித்தும் காட்டும். இருபது நிமிஷம்தான், பெரியவர்கள் யாராவது கூட இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. மகள் போனை வாய்க்குக் கிட்டே பிடித்து, "எங்க ஊட்ல ரெண்டு பூனை கீது" என்றாள்.

போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு செய்தி வாசிப்பவரின் குரலில், "எங்க ஊட்டியில் ரெண்டு பூனை கீரை" என்றது.

மகள் தரையில் விழுந்து புரண்டு சிரித்தாள். "யம்மா, இதுக்கும் என்ன மாதிரியே தப்பு வருது!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து உட்கார்ந்து, எங்கே தப்பு என்று திரையில் விரல் வைத்துத் தேட ஆரம்பித்தாள். எழுதச் சொன்னாலே தண்ணீர் குடிக்க ஓடுகிற பிள்ளை, 'ரை'யை அழித்து 'து' போட அன்றைய இருபது நிமிஷத்தையும் செலவழித்தாள். அதன் பிறகு தினமும் போனுக்குத் திருத்தம்தான். "கேயேன் நல்லா, இன்னாத்துக்கு அவசரப்படறே?" என்று அதை அதட்டுவாள். எல்லாம் நான் அவளிடம் சொன்ன வார்த்தைகள்.

மேடம் கொடுத்த அடுத்த வேலை, அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றி அவளோடு கதை வாசிப்பது. என் கணவர் இங்குள்ள தொழிற்சாலையில் வெல்டர். அவருடைய முறை வரும்போதெல்லாம் பால் தீர்ந்துவிடும், இல்லையென்றால் வண்டியில் ஏதோ சத்தம் வரும். விஷயத்தை மேடமிடம் சொன்னேன். மறு சனிக்கிழமை இருவரும் வர வேண்டும் என்றார். போனதும் என் கணவர் கையில் ஒரு கதைத்தாளைக் கொடுத்தார்.

"கண்ணாடி எடுத்துகினு வரல மேடம்" என்றார் இவர்.

"நைனா, உனக்குக் கண்ணாடியே கிடையாதே!" என்றாள் மகள்.

ஹாலில் இருந்த நாலைந்து அம்மாக்களும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாளில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். இரண்டாவது வரியை விட்டு மூன்றாவதுக்குத் தாவினார். திரும்ப முதல் வரிக்கே வந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பேப்பர் வந்தால் "நீ படிச்சி சொல்லு" என்று என்னிடம் நீட்டுவதைச் சோம்பல் என்றே நினைத்திருந்தேன்.

மகள் தன் பையைத் துழாவி, ஒரே ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய அட்டையை எடுத்து அவர் தாளின் மேல் வைத்தாள். "இத்த வச்சிகினு படி நைனா. வரி ஓடாது."

அவர் அட்டையை நகர்த்தி நகர்த்திக் கடைசி வரை வாசித்தார். முடித்ததும், "மண்டைல ஒண்ணும் ஏறாதுன்னு வாத்தியார் சொல்லுவார் மேடம். நானும் அப்படித்தான்னு இருந்துட்டேன்" என்றார்.

"மண்டைல ஏறாதவரா அவ்ளோ டிராயிங் பாத்து வெல்டிங் பண்றீங்க? இது குடும்பத்துல வரதுண்டு சார். அடுத்த வாரமும் வாங்க" என்றார் மேடம்.

வந்தார். ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் அப்பாவும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, அவருக்கு முழங்கால் மேஜையில் இடிக்கும். யார் குறைவாகத் தப்பு விடுகிறார்கள் என்று வீட்டில் போட்டி நடந்தது. நடுவர் நான். இருவரும் என்னை ஒருதலைப்பட்சம் என்று திட்டினார்கள்.

வருஷப் பரீட்சையில் பள்ளியில் அவளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் தேறினாள், கன்னடத்தில் மட்டும் மயிரிழையில். எழுத்து இன்னும் கோணல்தான். ஆனால் எழுதியது என்ன என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனால் முன்பு அரை மணியில் திரும்பிவிடுவோம். இப்போது அப்பாவும் மகளும் ஒரு பலகை விடாமல் வாசித்துக்கொண்டு நடக்கிறார்கள். போன வாரம் ஒரு கடையின் பலகையில் எழுத்துப்பிழை இருப்பதை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்து, உள்ளே போய் முதலாளியிடமே சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வெயிலில் நின்ற நான், இருவரையும் தெரியாதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.