எண்ணெய் பூசாத கைகள்

அருளப்பு காலமாகிவிட்டார் என்று தொலைபேசி சொன்னபோது, நான் வெள்ளவத்தை வீட்டில் நுளம்பு வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்து முடித்துவிட்டுத்தான் கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். முப்பது வருடமாக மிதிக்காத வாசல் அது.

அவருடைய மகள் ரெஜினா கையைப் பிடித்தாள்.

“அன்ரி, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அப்பாவைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை எழுதித் தாங்கோ.”

“நல்லது வேணுமெண்டால் வேறை ஆளைப் பார், பிள்ளை. உண்மை வேணுமெண்டால் எழுதுறன்.”

அருளப்புவும் என் கணவரும் துறைமுகப் பண்டகசாலையில் எழுதுவினைஞர்கள். லீவு கிடைத்தால் வளவை ஆற்றுக்குப் போய்விடுவார்கள். மணலைத் தகரத் தட்டில் அள்ளி, நீரில் சுழற்றி, அடியில் தங்கும் பொன்துகளைத் தேடுவார்கள். அந்தப் பைத்தியத்தைப் பார்க்க ஒருமுறை நானும் போனேன். முழங்கைவரை கடிக்கிற நுளம்பு, கண்ணுக்குள் விழுகிற பொடிக் கொசு. மாட்டை மொய்க்கிற பெரிய ஈயான மாட்டிலையான் சட்டைக்கு மேலாகவே குத்தியது. இரண்டு கைகளும் தட்டில் இருந்ததால் அடிக்கவும் முடியாது.

“எங்களைத் தேடி வாறது இதுகள்தான், தங்கச்சி. தங்கம் ஒருநாளும் வாறேல்லை,” என்று அருளப்பு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பயணத்துக்கு வேப்பெண்ணெய் ஒரு போத்தல் கொடுத்துவிட்டேன். ‘கைக்கும் கழுத்துக்கும்’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். என் கணவர் கைகள் தடித்து வீங்கி வந்தார்.

“ஏன் பூசேல்லை?”

“எண்ணெய் பட்டால் பொன்தூள் மிதந்து போயிடுமப்பா. அருளப்பு விடமாட்டார்,” என்றார், சுவரைப் பார்த்தபடி.

மலேரியா. ஒன்பதாம் நாள் அவர் இல்லை. செத்த வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “ஒரு துளி எண்ணெய் பூச விட்டீங்களா? நீங்கள்தான் இவரைக் கொன்றது!”

அருளப்பு தலை குனிந்தார். “பிழை என்னிலைதான், தங்கச்சி.”

பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பெருநாளுக்குக் கேக் கொண்டுவருவார். படலையிலேயே திருப்பி அனுப்புவேன்.

“நாய்க்குப் போடுங்கோ.”

“நாய்க்குச் சீனி கூடாது. வாற வருஷம் குறைச்சுப் போடுவம்.”

இப்போது ரெஜினா அவருடைய பெட்டியைத் திறந்து காட்டினாள். தகரத் தட்டும், என் கையெழுத்துடன் பாதி தீர்ந்த போத்தலும் இருந்தன.

“இதைப் பூசினதுக்கு அங்கிள் அப்பாவை ரெண்டு நாள் தட்டைத் தொட விடேல்லையாம். ‘என்ரை தங்கத்தை மிதக்க விட்டிடுவாய்’ எண்டு ஏசினவராம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அன்ரி.”

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

சபையில் சொன்ன பிழையைச் சபையில்தான் திருத்த வேண்டும். எண்ணெயைத் தடுத்தவர் என் கணவர். பூசியவர் அருளப்பு. அன்று என் பேச்சைக் கேட்டவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

அருளப்பு, உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முப்பது வருடம் என்னைப் பிழையாகவே பேச விட்டீர்கள். ஒரு தடவையாவது திருத்தியிருக்கலாம்.

அடக்கத்தன்று சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, நுளம்பு மொய்த்தது. எல்லோரும் காலையும் கழுத்தையும் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கைகளிலும் உங்களுக்குப் போட வேண்டிய மண் இருந்தது. என் முறை வரும்வரை கடிக்கட்டும் என்று நின்றேன்.

போய்வாருங்கள்.